ஆறு நாற்பதின் கோபம்

ஜூன் 6, வியாழன்

ஆமாம், கோபத்தில்தான் எறிந்தேன். வேறு எதற்கு ஒருத்தி எழுந்ததும் எழாததுமாக டீ டம்ளரை எறிவாள்?

அம்மா பழைய துணியை எடுத்து வந்து சுவரிலிருந்து தரை வரைக்கும் துடைத்தாள். நான் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னிக்கி என்னத்துக்கு?" என்றாள், டம்ளரிடம் கேட்பது போல.

"எல்லாத்துக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்காது. எதையோ ஒப்புக்கொள்கிற தலையாட்டல்.

எல்லாத்துக்கும் என்றால் குளியலறைத் தாழ்ப்பாளும் சேர்த்தி. மூன்று வருடம் முன்பு உள்ளே வலிப்பு வந்து விழுந்தேன். அன்று மாலையே அம்மா திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட்டாள். கதவில் மிச்சம், பெயின்ட் படாத ஒரு நீள்சதுரம், நாலு துளை. இருபத்தாறு வயதில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் அவள் வருவாள். பல்கலைக்கழக விடுதிக் காப்பாளரின் கடிதமும் சேர்த்தி: "பாதுகாவலர் ஒருவர் உடன் தங்கும் பட்சத்தில் மட்டும்." என் ஆய்வு தன்வினை, பிறவினை பற்றியது. உடைந்தது, உடைத்தேன். உருண்டது, உருட்டினேன். பதினாலு மாதமாக இரண்டாம் இயலிலேயே நிற்கிறது. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு யாரும் மூன்றாம் இயல் எழுத முடியாது.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். பத்து நாள். தலையில் ஒயர்களை ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும் வரை காத்திருப்பார்கள். ஒன்றரை வயதில் எனக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டது. அந்தத் தழும்பு வலது பொட்டுக்குப் பின்னால், மூளையில், ஒரு பயறு அளவுக்கு இருக்கிறது. ஸ்கேனில் பார்த்திருக்கிறேன். போன தடவை அங்கே டாக்டர் மேகலா சொன்னது: "எல்லாமே அந்த ஒரே இடத்துல இருந்து வந்தா ஆபரேஷன் பண்ணிடலாம். மொத்தமா நின்னுபோக நல்ல சான்ஸ் இருக்கு."

வந்தா.

வரும். எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

ஜூன் 8, சனி

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள் ஐந்து. தலை வழியாகப் போடும் எதுவும் கூடாது, ஒயர் இருக்கும். எண்ணெய் வைக்கக் கூடாது என்று கடிதத்தில் இருக்கிறது. அம்மா அதை மூன்று முறை படித்தாள். "பத்து நாளைக்குமா?" அவளுக்கு ஆபரேஷனைவிட இது பெரிய கவலை.

அவள் அங்கன்வாடி டீச்சர். இருபத்தைந்து வருடம் குழந்தைகளை எடை போட்டு, உயரம் பார்த்து, ரிஜிஸ்டர் எழுதியவள். லீவு சொல்லிவிட்டு வந்தாள். பையில் சீப்பு, சோப்பு, சீடை டப்பா, அடி ஸ்கேல், இரண்டு பேனா.

"ஸ்கேல் எதுக்கு?"

"எதுக்காவது ஆவும்."

காலையில் எதுவும் எறியவில்லை. ஏனென்றால் பத்து மணி வரை எதையும் கையில் வாங்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

அறையில் இரண்டு கட்டில். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. சன்னல் திறக்காது. கட்டிலுக்கு நேர் மேலே காமிரா, ஒரு கறுப்புக் கண்.

ஒயர் ஒட்டியது ஷாகிரா அக்கா, இங்கே டெக்னீஷியன். நாற்பது வயதிருக்கும். ஸ்பிரிட்டை வைத்து மண்டையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்கே. கடுதாசில போட்டிருந்தோமே?"

அம்மா சன்னலைப் பார்த்தாள். நேற்று ரயிலில், நான் தூங்கும்போது வைத்தது. எனக்குத் தெரியும். நானும் சன்னலைப் பார்த்தேன்.

இருபத்தைந்து ஒயர். மேலே வலைத்துணித் தொப்பி. எல்லா ஒயரும் சேர்ந்து பின்னால் சடை போலத் தொங்கி ஒரு பெட்டிக்குள் போகின்றன. பாத்ரூமுக்கும் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மாவிடம் ஒரு பொத்தானையும் அட்டையில் செருகிய தாளையும் கொடுத்தாள் ஷாகிரா அக்கா. "ஃபிட்ஸ் வந்தா இதை அமுக்குங்க. இந்தத் தாள்ல நேரம், என்ன நடந்துச்சு, எல்லாம் எழுதுங்க. சாப்பிட்டது, தூங்கினது, அழுதது, சண்டை போட்டது. எது தேவை எது தேவையில்லைன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. விடாம எழுதுங்க, அவ்ளோதான்."

அம்மா முகம் மலர்ந்தது. உடனே ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். நேரம். நிகழ்வு. எழுதியவர்.

எனக்கு எரிச்சல். என் நோய்க்கு ஒரு ரிஜிஸ்டர். இந்த வாரம் நானும் எடை போடப்படும் குழந்தை.

மாத்திரை பாதியாகக் குறைந்தது.

ஜூன் 11, செவ்வாய்

ஏசி குளிர். காலையில் ஒன்பது வரை கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

மதியம் சாம்பார் சாதம், உப்பில்லை. அம்மா சீடையைப் பொடித்துத் தூவினாள். ஷாகிரா அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, நான் வரதுக்குள்ள தீர்த்துட்டீங்களா" என்றாள். அம்மா டப்பாவை நீட்டினாள். இந்த டப்பா. இதே நீட்டல். இதற்கு முன்பும் இந்த அறையில் ஒருமுறை இதே வெளிச்சம் இதே சீடை அடிவயிற்றிலிருந்து மேலே வருகிறது எழுதிக்கொண்டே இருந்தால் எழுதிக்கொண்டே எழு எழு

மாலை. மேலே உள்ளது என் கையெழுத்துதான். அதற்குக் கீழே இருந்த கோடு பக்கத்தைத் தாண்டி விரிப்பில் போயிருக்கிறது.

வாயை மென்றேனாம். இடது கையால் போர்வையின் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தேனாம். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அம்மா பொத்தானை அமுக்கினாள். தாளில் எழுதியிருக்கிறாள்: "மதியம் 1.22. வலிப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பார்த்தாள், என்னைத் தெரியவில்லை."

ஷாகிரா அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தாள். "சூப்பரா வந்திருக்கு சுடர். அப்படியே வலது பக்கம், படத்துல போட்ட மாதிரி."

நான் எதையும் சூப்பராகச் செய்ததாக இதுவரை வாழ்க்கையில் யாரும் சொன்னதில்லை. நான் இல்லாத நேரத்தில் செய்தது சூப்பர். அறையை விட்டுப் போகச் சொன்னேன். போகவில்லை, ஒயர் ஒன்று கழன்றிருந்தது, ஒட்டினாள்.

ஆனாலும் சந்தோஷம். அதை மறைக்க வேண்டியதில்லை. வலது பக்கம். ஒரே இடம்.

ஜூன் 13, வியாழன்

நேற்றிரவு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கக் கூடாது என்றார்கள். காலை, கண் எரிச்சல். அம்மா பால் கொண்டு வந்தாள். அப்புறம் என்றேன். "ஆறிப்போவும்ட்டி" என்று கையில் திணித்தாள். எறிந்தேன். பெட்டி மேல் படவில்லை, நல்லவேளை.

அம்மா துடைத்தாள். துடைத்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

"என்ன எழுதுத?"

"நடந்ததை."

"இதெல்லாம் எழுத வேண்டாம்."

"எது தேவை எது தேவையில்லைன்னு நாம முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

எட்டிப் பார்த்தேன். "காலை 6.40. பால் கொடுத்தேன். கோபம். எறிந்தாள்." கீழே கையெழுத்து: வே. பேச்சியம்மாள்.

நல்லது. அப்படியே இருக்கட்டும். கோபக்காரிக்கு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

6.40. மறுபடியும். இந்த முறை கரண்டி.

இரவு சின்னதாக ஒன்று. வலது பக்கம்.

ஜூன் 15, சனி

டாக்டர் மேகலா வந்தார். கையில் அம்மாவின் தாள். சுவரோரம் சாய்ந்து நின்றார்; உட்காராமல் நிற்கிற டாக்டர்களை என்னால் நம்ப முடிவதில்லை.

"சுடர், உன்னோட ஃபிட்ஸ் ரெண்டும் வலது பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு. அதுல சந்தேகமே இல்ல."

சிரித்தேன் போல.

"ஆனா ஒண்ணு. மூணு நாளா காலையில மூளை அலை திடீர்னு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எகிறுது. அரை விநாடிதான். காமிராவுல பாத்தா பெரும்பாலும் உன் கை போர்வைக்குள்ள இருக்கு, எறியறது மட்டும் தெரியுது. அம்மா ரெண்டு நாள் அதே நேரத்துல ஏதோ எழுதியிருக்காங்க." தாளைப் பார்த்தார். "ஆறு நாப்பதுக்கு என்ன கோபம்?"

"பால் வேண்டாம்னு சொல்லியும் கொடுத்தாங்க."

"கை தானா தூக்கிப் போடுமா? எழுந்தவுடனே? சீப்பு, பிரஷ், டம்ளர் எதாவது கையில இருந்து பறக்குமா?"

"இல்ல."

"கோபம்தானா?"

"கோபம்தான்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அது அவ சுபாவம் டாக்டர். பத்தாங்கிளாஸ்ல இருந்து இப்படித்தான். நோய்க்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல."

"சரி" என்றார் டாக்டர். சரியில்லை என்ற முகம். "புதன்கிழமை எல்லா டாக்டரும் உக்காந்து பேசறோம். வெறும் அலையை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. எதாவது ஞாபகம் வந்தா சொல்லு. மறைக்காதே."

மறைக்காதே. ஒருமையில் பேசுவதற்கு இவருக்கு யார் உரிமை கொடுத்தது? எனக்கு அவரைவிடப் பத்து வயதுதான் குறைவு. மாலை முழுவதும் அந்த ஒருமையைப் பற்றியே கோபப்பட்டேன். வசதியாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

மதியம் சாப்பிட்டபின் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஷாகிரா அக்கா பசை வைக்க வந்தாள். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்மண்டையில் ஊசியில்லாத சிரிஞ்சால் பசை இறங்கும் குளிர்ச்சி. அப்போது அம்மா பேசினாள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். வட்டார வழக்கைப் பதிவு செய்வதும் என் படிப்பில் சேர்த்தி.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைய?"

"ஒரே பொண்ணும்மா. பிளஸ் டூ."

"உங்க மேல கோவப்படுவாளா?"

"எப்ப படல?"

அம்மா சிரித்தாள். அப்புறம் குரலைத் தணித்தாள்.

"இவளுக்கு ஒண்ணரை வயசுல காய்ச்சல். அன்னிக்கி எங்க சென்டருக்கு மேலிடத்துல இருந்து ஆபிசர் வாராவ. எடை ரிஜிஸ்டர் காட்டணும். நான் புதுசு அப்போ, பயம். இவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போயிட்டேன். ஊருப் பிள்ளையளை எல்லாம் எடை போட்டுக்கிட்டு இருக்கேன். மத்தியானம் வந்து தூக்குதேன், உடம்பு நெருப்பு, கண்ணு சொருகிக் கெடக்கு. அந்தத் தழும்புதான் இது. இப்ப வெட்டப் போறாவளே, அது."

"அதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க."

"கேளுங்க. பத்தாங்கிளாஸ் படிக்கையில இவகிட்ட இதைச் சொன்னேன். மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. ஒரு வாரங்கூட இருக்காது, காலையில காப்பி குடுத்தேன், எறிஞ்சா. அன்னையில இருந்துதான். சாயந்தரம் நான் குடுத்தா வாங்கிக்குவா. ராத்திரி வாங்கிக்குவா. காலையில எந்திரிச்சு முத முத எம்மூஞ்சியப் பாத்தா மட்டும் அவளுக்குத் தாங்கல. அது நாயந்தான?"

சிரிஞ்ச் நின்றுவிட்டது.

"எறியட்டும்" என்றாள் அம்மா. "ஒரு டம்ளர்தான. நான் செஞ்சதுக்கு அது பெருசா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அலையில் இது என்னவாக விழுந்திருக்கும் என்று யோசித்தேன்.

அவள் அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. காய்ச்சல், ஆபிசர், பக்கத்து வீடு. பத்தாம் வகுப்பில் எத்தனையோ சொன்னாள். நான் வடிவியல் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஜூன் 17, திங்கள்

காலை 6.25. போர்வையை மடித்து அம்மாவின் கட்டிலில் போட்டேன். இரண்டு கைகளையும் காமிராவுக்குத் தெரியும்படி தொடை மேல் வைத்தேன்.

"எம்மா, பால் கொடு."

"அப்புறம் குடிச்சுக்கிடலாம். டாக்டரு முந்தாநாளே கேட்டாவ..."

"கையில கொடு. நிறையக் கொடு."

கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். அந்த ஓரடியை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருடமாக அவள் அந்த ஓரடி தள்ளி நின்றிருக்கிறாள்.

காத்திருந்தோம். வரவில்லை. பதினைந்து நிமிடம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு கணம், வராமலே போய்விடுமோ, பரவாயில்லையே, குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு புதன்கிழமைக்குப் போய்விடலாமே என்றுகூட நினைத்தேன். வந்தது. தோளிலிருந்து ஒரு வெட்டு. பால் என் முகத்தில். இன்னொரு வெட்டு. டம்ளர் கதவுப் பக்கம். மூன்றாவதில் வெறும் கை மட்டும் பறந்தது.

அம்மாவின் கையிலிருந்த பொத்தானை எடுத்து நானே அமுக்கினேன். காமிராவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "எனக்குக் கோபம் இல்லை. கை தானாகப் போகிறது. தினமும் போகும்."

பிறகு அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பத்தாம் வகுப்பிலிருந்து.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்போ எம்மேல கோவம் இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரு நாளும்?"

"இருந்திருக்கும். காலையில இல்ல."

வெகுநேரம் என் கைகளையே பார்த்தாள். அவை இன்னும் லேசாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

"பதினோரு வருசம்" என்றாள். "விடியக்காலம் அடுப்புப் பக்கத்துல நின்னு, இன்னிக்கி வாங்கிக்குவாளா, எறிவாளான்னு... நீ பாத்துக்கிட்டேதானட்டி இருந்த? நான் துடைக்கதை காலைத் தூக்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டேதான இருந்த?"

"நீ அப்படி நினைச்சது எனக்குத் தெரியாது."

"கேட்டியா? ஒரு நாள் கேட்டியா? எதுக்கும்மா தலையத் தலைய ஆட்டுதன்னு கேட்டியா?"

எழுந்து வெளியே போனாள். ஷாகிரா அக்கா ஓடி வந்தபோது பால் தரையில் அப்படியே கிடந்தது. துடைக்க யாரும் இல்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து நான் துடைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா பேசவில்லை. இட்லி வாங்கி வந்தாள். அவளுடையதைச் சாப்பிட்டாள். என்னுடையதை மேசையில் வைத்தாள். காலை டீயை மேசையிலேயே வைத்துவிட்டுத் தாளில் எழுதினாள்: "6.30. டீ மேசையில் வைத்தேன்." அதோடு சரி.

டாக்டர் பழைய தாள்களையும் கேட்டனுப்பினார். நான் வாங்கி "எறிந்தாள்" என்பதை அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது? விழுந்தது என்றால் பொய், அது விழவில்லை, பறந்தது. எறியப்பட்டது என்றால் யாரால்? கடைசியில் நாம் எல்லோரும் சொல்கிறபடி எழுதினேன்: கை தூக்கிப் போட்டது. தமிழில் செய்தவர் தேவையில்லாத வினை. யார் தூக்கினார்கள், யார் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பதினாலு மாதம் ஆராய்ச்சி செய்து இதை நான் எடுத்துக்காட்டுகளில் சேர்க்கவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன்.

முதல் முறை காம்பஸ். பத்தாம் வகுப்பு, கணக்குப் பாடம், காலை முதல் பீரியட். கையிலிருந்து பறந்து டீச்சரின் மேசையில் குத்தி நின்றது. "திமிரு" என்றார் டீச்சர். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதே வருடம் அசெம்பிளியில் நான் வலிப்பு வந்து விழுந்து எழுந்தபோதும் இதே வகுப்புதான் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை வேறு. யாரோ என் கையில் சாவியைத் திணித்திருந்தார்கள். தொட்டுக்கூடப் பார்க்காமல் விலகி நின்றார்கள். இரண்டு பார்வையில் எது வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் திமிரைத்தான் எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அது எனக்கு அளவு சரியாக இருந்தது. டம்ளர் போனால் உடனே ஒரு காரணம் தயார் செய்வேன். சர்க்கரை குறைவு. சத்தம் அதிகம். காரணம் கிடைத்ததும் கோபம் நிஜமாகவே வரும். கை முதலில், கோபம் பிறகு. அரை விநாடி வித்தியாசம். அந்த அரை விநாடியை நான் யாருக்கும் காட்டவில்லை.

வலிப்பு மாத்திரை ஒவ்வொரு முறை கூடும்போதும் காலையில் அதிகம் பறந்தது. கவனித்தேன். சொல்லவில்லை. கோவில்பட்டியில், திருநெல்வேலியில், மதுரையில், எந்த டாக்டர் கேட்டதும் ஒரே கேள்வி: "வலிப்பு மாசத்துக்கு எத்தனை?" எங்கள் வீட்டில் வலிப்பு என்றால் நினைவு தப்ப வேண்டும். இரண்டு, மூன்று என்று அம்மா சொல்வாள். உண்மைதான். மாத்திரையைக் கூட்டுவார்கள். கதவுக்கு வெளியே அடுத்த பேஷண்ட் இருமுவார்.

அவர்கள் மேல் கோபப்பட உட்கார்ந்தேன். வந்தது, கொஞ்சம். இந்த முறை கோபம் முதலில் வந்தது. கை அசையவில்லை.

ஜூன் 19, புதன்

கூட்டம் பதினொன்றுக்கு. டாக்டர் மேகலா மூன்று மணிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது.

"ரெண்டு இருக்கு சுடர். ஒரு ஆளுக்கு ரெண்டு வகை வலிப்பு. அடிக்கடி பாக்கறதில்ல, ஆனா உண்டு. தழும்புல இருந்து வரது ஒண்ணு. காலையில கை தூக்கிப் போடறது வேற ஜாதி. அது ரெண்டு பக்கமும் சேர்ந்து கிளம்பும். அதுக்கு இடம்னு ஒண்ணு கிடையாது."

"வெட்ட இடம் இல்ல."

"அதுக்கு இல்ல. தழும்பை எடுத்தா அது மட்டும்தான் நிக்கும். காலையில வரது வரும். உள்ளபடி சொல்லணும்னா, நீ இத்தனை வருஷமா சாப்பிடற மாத்திரை தழும்புக்கு நல்லது. இதுக்கு ஆகாது. இதை அதிகப்படுத்தியிருக்கும்."

அதிகப்படுத்தியிருக்கும். எதிர்காலத்தை வைத்துக்கொண்டு இறந்தகாலத்தை ஊகிக்கும் வினைமுற்று. யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நான் கத்தினேன். பதினோரு வருடம் கையை நீட்டி வாங்கி வாயில் போட்டேனே, ஒருத்தராவது கேட்டீர்களா, காலையில் எழுந்ததும் என்ன ஆகிறது என்று ஒரே ஒரு கேள்வி, எழுதிக் கொடுத்தால் ஒரு வரி. பக்கத்து அறை வரை கேட்டிருக்கும்.

டாக்டர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் சொன்னார்: "கேட்டிருக்கணும். தப்புதான். நான் சனிக்கிழமை கேட்டேன். நீ இல்லன்ன."

"ஆமாம்."

"சொல்லாம விட்டிருந்தா இன்னிக்குத் தேதி குறிச்சிருப்போம். தலையைத் திறந்திருப்போம். அடுத்த நாள் காலையில டம்ளர் பறந்திருக்கும். ஆபரேஷன் போயிடலாம்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான்."

ஆபரேஷன் இப்போது இல்லை. மருந்தை மெல்ல மாற்றி, ஒரு வருடம் பார்த்து, பிறகு பேசலாம். கதவை மூடவில்லை என்றார். விடுதிக்கு என்ன சான்றிதழ் என்று கேட்டேன். இப்போதைக்குத் தனியாக இருக்கலாம் என்று எழுதித் தர முடியாது. ஒரு வருடம். அம்மா மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். டாக்டர் போன பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலைகளை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

அழுதேன். அதையும் அவள் தாளில் எழுதினாள். நேரம் போட்டு.

ஜூன் 20, வியாழன்

ஷாகிரா அக்கா ஒயர்களைப் பிடுங்கினாள். "இந்தா, இனிமே நீ டிவியில வர மாட்ட" என்றாள். மண்டை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். வெந்நீரில் நாலு முறை அலசியும் பசை போகவில்லை.

வீட்டுக்குப் போகும் முன் டாக்டர் கூப்பிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. புதிய மாத்திரையை விளக்கினார். காலையில் அரை, இரவில் அரை, இரண்டு வாரம் கழித்து முழுசு. பழையது படிப்படியாகக் குறைய வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. ரெண்டு வகைக்கும் புதியது கேட்கும்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "இந்த மாத்திரையில சில பேருக்குக் கோபம் வரும். எரிச்சல், எடுத்தெறிஞ்சு பேசறது. எல்லாருக்கும் இல்ல. வந்தா உடனே போன் பண்ணுங்க, வேற மாத்தலாம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

அம்மா மூன்று நாளில் முதல் முறையாகப் பேசினாள். என்னிடம் இல்லை, டாக்டரிடம்.

"வந்தா வரட்டும் டாக்டர். ஆனா ஒண்ணு எழுதிக் குடுங்க. எது மாத்திரை, எது நோயி, எது இவ... எனக்கு இனிமே தெரியணும். ஒரு தடவை நான் தப்பா எழுதிட்டேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"அதை அவங்களால எழுத முடியாதும்மா" என்றேன். "நான்தான் சொல்லணும்."

"அப்போ சொல்லு" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "எம்மேல இப்ப கோவமா?"

யோசித்தேன். சேலையை உதறி உதறி மடித்தது. மூன்று நாள் பேசாதது. ரயிலில் வைத்த எண்ணெய்.

"ஆமா" என்றேன். "கொஞ்சம்."

"எனக்கும் இருக்கு" என்றாள். "கொஞ்சம் இல்ல."

டாக்டர் சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு கீழே போய், மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன்.